வாலுக்குப் பின்னால் யாருமில்லை

மோட்டார் சைக்கிளில் ஆட்களை மலைக்குக் கூட்டிப்போகும் தொழிலில் இரண்டு பேர் முக்கியம். முன்னால் போகிறவருக்குத் தலை என்று பெயர். கடைசியில் வருகிறவர் வால். எங்கள் கூட்டத்தில் தலை என் வீட்டுக்காரர். வால் யார் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவர் கிளப்பிவிட்ட புழுதியையெல்லாம் நான்தான் தின்றுகொண்டிருந்தேன்.

நடுவில் வருகிறவர்கள் வாடிக்கையாளர்கள். ஊருக்குள் தார் ரோட்டில் ஓட்டிப் பழகியவர்கள். மரம்கூட வளராத உயரத்தில், கல்லும் சகதியுமான பாதையில் ஒரு வாரம் இடுப்பொடிய ஓட்டிவிட்டு, அதற்குச் சந்தோஷம் என்று பெயர் வைத்துக்கொண்டு வீடு திரும்புவார்கள். கிண்டல் செய்கிறேனே தவிர, எனக்கும் அதே கிறுக்குதான்.

மேலே போன் வேலை செய்யாது. வழிப்பலகையும் கிடையாது. ஒருவர் பின்னால் ஒருவர் ஒட்டிக்கொண்டு போகவும் முடியாது, முன்வண்டி விழுந்தால் பின்வண்டி அதன்மேல் ஏறிவிடும். அதனால் நல்ல இடைவெளி விட்டுத்தான் போவோம். அப்படியானால் பாதை இரண்டாகப் பிரிகிற இடத்தில் பின்னால் வருகிறவருக்கு எப்படித் தெரியும்? அதற்குத்தான் முளை. தலை அந்த இடத்தில் நின்று, தனக்கு அடுத்து வருகிறவரை அங்கேயே நிறுத்தி வைத்துவிட்டுப் போய்விடுவார். நிற்கிறவர்தான் முளை. பின்னால் வருகிற ஒவ்வொருவருக்கும் கையைக் காட்டி வழி சொல்லவேண்டும். வால் வந்து சேரும்வரை அசையக் கூடாது. வால் மட்டும் ஆரஞ்சு நிறச் சட்டை போட்டிருப்பதால் தூரத்திலேயே அடையாளம் தெரியும். ஆரஞ்சு தெரிந்துவிட்டால் எல்லாரும் தாண்டிவிட்டார்கள் என்று அர்த்தம். முளை நிம்மதியாகக் கிளம்பிவிடலாம்.

ஆக, வாலுக்கு ஒரே சட்டம்தான். வாலுக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது. ஒருவர் நின்றால் வாலும் நிற்க வேண்டும். ஒருவர் பாறை மறைவில் ஒதுங்கினால் வால் வானத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். பெரிய பெரிய ஆட்கள் வாந்தி எடுத்ததையும், சறுக்கி விழுந்துவிட்டு அம்மாவைக் கூப்பிட்டதையும், வண்டியைத் தூக்க முடியாமல் அதை எட்டி உதைத்ததையும் நான் பார்த்திருக்கிறேன். தலைக்கு இதெல்லாம் தெரியாது. தலை முன்னால் போய்ப் பாட்டுப் பாடிக்கொண்டிருக்கும்.

இந்த வருஷம் சீசன் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் அவருடைய இடது கண்ணுக்குள் ஏதோ ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. காலையில் முகம் கழுவும்போது சோப்பு நுரை பட்டு வலது கண்ணை மூடினாராம், எதிரே இருந்த கண்ணாடியையே காணவில்லையாம். குளியலறையிலிருந்து அவர் கூப்பிட்ட குரலை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. கண் டாக்டர் எல்லாச் சோதனையும் செய்துவிட்டு, போன பார்வை திரும்பாது, பள்ளத்தின் ஓரமாக ஆட்களைக் கூட்டிக்கொண்டு முன்னால் போகிற வேலையை இத்தோடு விட்டுவிடுங்கள் என்று சொல்லிவிட்டார். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. கண் எப்போதும்போல அழகாகத்தான் இருக்கிறது.

வீட்டிலேயே இருந்து முன்பதிவுகளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னேன்.

“வீட்ல ஒக்காந்து ஈ ஓட்டச் சொல்றியா?” என்றார். இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, தட்டிலிருந்து தலை நிமிராமல், “சரி, நீ முன்னாடி போ. நான் வாலா வரேன். பின்னாடி வர்றதுக்கு ஒரு கண்ணு போதும்,” என்றார்.

இத்தனை வருஷமாக என் வேலையைப் பற்றி என்ன நினைத்திருந்தார் என்பது அந்த ஒரு பேச்சில் தெரிந்துபோனது. இன்னொரு நாளாக இருந்திருந்தால் வீடு இரண்டுபட்டிருக்கும். ஆனால் எனக்கு முன்னால் போக ஆசை. புழுதி இல்லாத பாதையை ஒரு தடவையாவது முதல் ஆளாகப் பார்க்க வேண்டும் என்று அத்தனை ஆசை. காதில் விழாத மாதிரி இருந்துவிட்டேன்.

“ஆனா கண்ண பத்தி யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாது,” என்றார். “இந்த ஒரு பயணம் பாப்போம். ஒழுங்கா முடிஞ்சா இனிமே நீதான் தலை. ஏதாவது ஏடாகூடமாச்சுன்னா, நான் பழையபடி முன்னாடி போறேன். அப்புறம் நீ தடுக்கக் கூடாது.”

“ஒத்தக் கண்ணோடயா?”

“என் கண்ணு, நான் பாத்துக்கறேன்.”

சரி என்றேன். அந்தப் பயணம் ஒழுங்காக முடிந்தால் எனக்கு ஆசைப்பட்டது கிடைக்கும், அவரும் உயிரோடு இருப்பார். முடியாவிட்டால் இரண்டும் போய்விடும். அவ்வளவு தெளிவான கணக்கு அது.

வாடிக்கையாளர்கள் அந்தத் தடவை ஐந்து பேர். ஒரு பெண் பல் டாக்டர், நோயாளிகளிடம் காட்ட முடியாத வேகத்தையெல்லாம் வண்டியில் காட்டுகிறவர். ஒரு வங்கி மேலாளர், சட்டம் என்ன சொல்கிறதோ அதை அட்சரம் பிசகாமல் செய்கிறவர். அச்சகம் நடத்தும் அண்ணன் தம்பி இரண்டு பேர், ஒருவர் விழுந்தால் கூடப்பிறந்த பாசத்தில் மற்றவரும் விழுவார். அப்புறம் லிஃப்ட் பழுதுபார்க்கும் ஒருவர். அவரை எல்லாரும் லிஃப்ட்காரர் என்றே கூப்பிட்டோம். வாழ்க்கை முழுக்க இருட்டுக் கூண்டுக்குள் மேலும் கீழும் போய்வந்த மனுஷன், மலையைப் பார்த்ததும் பைத்தியம் பிடித்த மாதிரி பத்தடிக்கு ஒரு தரம் வண்டியை நிறுத்தி வேடிக்கை பார்ப்பார். எல்லாருக்கும் என் வீட்டுக்காரர் அண்ணா, அந்த வழியில் நான் அண்ணி.

கிளம்புகிற அன்று அவர் கூட்டத்தைக் கூட்டி வைத்து, “இந்தத் தடவை அண்ணி முன்னாடி போகட்டும்னு விட்டுட்டேன். அவங்களுக்கும் ஆசை இருக்கும்ல?” என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். பிறந்தநாளில் கேக் வெட்டும் குழந்தைக்குத் தட்டுவார்களே, அப்படி. வங்கி மேலாளர் என்னிடம் வந்து, “அண்ணா பின்னாடி இருக்கார்ல, பயப்படாதீங்க அண்ணி,” என்று தைரியம் சொன்னார். அந்தப் பாதையில் எந்தக் கல் எந்தப் பக்கம் உருளும் என்று எனக்குத் தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்து வைத்தேன்.

முதல் இரண்டு நாளும் ஒரு குறையும் இல்லை. டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு, ஃபுட்ரெஸ்டில் எழுந்து நின்றபடி, கல்லுக்குக் கல் வண்டி தானே வழி தேடிக்கொள்ள விட்டேன். எனக்கு முன்னால் யாருமில்லை. காலையில் பனி விழுந்த பாதையில் என் டயர்தான் முதல் கோடு போட்டது. சந்தோஷத்தில் நானும் ஹெல்மெட்டுக்குள் பாட்டுப் பாடினேன். இவ்வளவு நாள் அவர் பாடிக்கொண்டே போனதற்காக அவரைத் திட்டியதில் பாதியை அன்றைக்கு வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் பெரிய கணவாய். இன்ஜினே மூச்சு வாங்குகிற உயரம். எல்லாரும் மேலே வந்து சேர்ந்து, போட்டோ எடுத்துக்கொண்டு, தலைவலி மாத்திரை போட்டுக்கொண்டு, மதியத்துக்கு மேல் மறுபக்கம் இறங்கத் தொடங்கினோம். கொண்டை ஊசி வளைவுகள் முடிந்ததும் பாதை பிரிகிறது. இடது பக்கம் அகலமாக, வா வா என்று கூப்பிடுகிற மாதிரி இருக்கும். எப்போதோ மூடிய சுரங்கத்துக்கு லாரி போன பாதை அது. போய் ஒரு ஓடையில் முடியும். காலையில் அந்த ஓடையில் கணுக்கால் நனையும், மதியத்துக்கு மேல் பனி உருகி வந்தால் ஆளையே உருட்டிவிடும். நாங்கள் தங்கப்போகும் இடத்துக்கு வலது பக்கம் போக வேண்டும். ஆட்டுத்தடம் மாதிரி ஒரு கோடு, அவ்வளவுதான். தெரியாதவர்கள் கண்ணை மூடிக்கொண்டு இடது பக்கம்தான் போவார்கள்.

எனக்கு அடுத்து வந்தவர் வங்கி மேலாளர். அவரை முளையாக நிறுத்தினேன். “ஆரஞ்சு வர்ற வரைக்கும் அசையாதீங்க,” என்றேன்.

“பூகம்பமே வந்தாலும் அசைய மாட்டேன் அண்ணி.”

கீழே புல்வெளியில் வண்டியை நிறுத்திக் காத்திருந்தேன். பல் டாக்டர் சிரித்துக்கொண்டே வந்தார். அண்ணன் தம்பி வந்தார்கள், இரண்டு பேர் முழங்காலிலும் மண். வங்கி மேலாளர் வந்தார். அவருக்குப் பின்னால் ஆரஞ்சுச் சட்டை வந்தது. அதற்குப் பின்னால் பாதை காலியாக இருந்தது.

“லிஃப்ட்காரர் எங்க?” என்று கேட்டேன்.

“எனக்கு முன்னாடிதானே வந்தார்?” என்றார் என் வீட்டுக்காரர். ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். “கணவாய்லேர்ந்து எறங்கறப்ப பாத்தேன். அப்புறம் காணோம். வேகமா எறங்கிட்டார்னு நினைச்சேன்.”

லிஃப்ட்காரராவது வேகமாக இறங்குவதாவது.

வங்கி மேலாளர் முகத்தில் ஈயாடவில்லை. “அண்ணி, நான் ஆரஞ்சு சட்டையைப் பாத்துட்டுத்தான் கிளம்பினேன். நீங்க சொன்ன மாதிரிதானே செஞ்சேன்?”

சொன்ன மாதிரிதான் செய்திருந்தார். முளை சரியாக நின்றிருக்கிறது, சரியாகத்தான் கிளம்பியிருக்கிறது. வால் ஒருவரைப் பின்னால் விட்டுவிட்டு முந்தி வந்திருக்கிறது. பின்தங்கியவர் பாதை பிரிகிற இடத்துக்கு வரும்போது அங்கே வழி சொல்ல யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

“நான் போய்த் தேடறேன்,” என்று இவர் மறுபடி ஹெல்மெட்டை மாட்டினார்.

“நீங்க இவங்கள தங்கற இடத்துக்குக் கூட்டிட்டுப் போங்க. இங்கேர்ந்து ஒரே பாதைதான். நான் போறேன்.”

“அது என் வேலை. நான்தான் வால்.”

கையைப் பிடித்து என் வண்டிக்கு மறுபக்கம் இழுத்துப் போனேன். எல்லார் முன்னாலும் அவரை நான் நீங்க என்றுதான் சொல்வேன். “உன்னத் தேடிட்டு இன்னொரு தரம் வேற நான் போகணுமா?” என்றேன்.

கையை விடுவித்துக்கொண்டு மற்றவர்கள் பக்கம் போனார்.

பிரிகிற இடத்துக்கு ஏறிப் போய்ப் பார்த்தேன். இடது பக்கப் புழுதியில் ஒரே ஒரு டயர்த்தடம் போயிருந்தது, திரும்பி வந்ததற்கு அடையாளம் இல்லை. அந்தத் தடத்தோடே கீழே ஓட்டினேன். அந்த மனுஷன் செத்துக் கிடந்தால் இனி நான் முன்னால் போக முடியாதே என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. அவருடைய உயிர் இரண்டாவதாகத்தான் ஞாபகத்துக்கு வந்தது. அப்படித் தோன்றியதற்காக என்மேலேயே எனக்கு வெறுப்பாக இருந்தது. ஆனாலும் வண்டியை விரட்டினேன்.

ஓடைச் சத்தம் முதலில் கேட்டது, அப்புறம்தான் ஓடை கண்ணில் பட்டது. வண்டி தண்ணீருக்கு நடுவில் இரண்டு பாறைகளுக்கு இடையே சிக்கி, ஹாண்டில்பார் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. லிஃப்ட்காரர் இந்தக் கரையில் தொப்பலாக நனைந்து உட்கார்ந்திருந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து நிற்கப் பார்த்தார். முடியவில்லை. ஈரத்தைக் கழற்றச் சொல்லி, என் ஜாக்கெட்டையும் ஸ்வெட்டரையும் மாட்டிவிட்டு, பிளாஸ்கில் இருந்த டீயை வாயில் ஊற்றினேன். பல் கிட்டிப்போய்ப் பாதி டீ மோவாயில் வழிந்தது. அவர் உயிரோடு இருந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

கொஞ்சம் சூடு ஏறியதும் அவராகவே சொன்னார்.

“மேல மூணாவது வளைவுல பேக் அவுந்துக்கிச்சு அண்ணி. ஓரமா நிறுத்திக் கட்டிட்டு இருந்தேன். அண்ணா வந்தார். ரெண்டு கையையும் தூக்கி ஆட்டினேன், கத்தினேன். நின்னு வருவார்னு பாத்தா, நேராப் போயிட்டார்.”

“எந்தப் பக்கம் நின்னீங்க?”

“எறங்கும்போது இடது பக்கம். ஏன்?”

“சும்மாதான்.”

“அண்ணாவுக்கு என் மேல ஏதாவது கோவமா? நான் அடிக்கடி நின்னுட்டே வர்றேன்னு...”

“அதெல்லாம் ஒண்ணுமில்ல,” என்றேன். கண்ணைப் பற்றி மூச்சு விடக் கூடாது என்று நான் கொடுத்த வாக்கு நாக்கு நுனியில் வந்து நின்றது. சொல்லியிருக்கலாம். சாகப் பிழைக்கக் கிடந்த மனுஷனுக்கு அதைத் தெரிந்துகொள்ள உரிமை இருந்தது. மென்று விழுங்கிவிட்டேன். வண்டியை அங்கேயே விட்டுவிட்டு அவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். வழி முழுக்க அவர் நடுக்கம் என் முதுகில் தெரிந்துகொண்டே இருந்தது.

தங்குமிடத்தில் இரும்பு அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. விடுதிக்காரம்மா லிஃப்ட்காரரை அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார வைத்துக் கம்பளிமேல் கம்பளியாகப் போர்த்தி, ஒரு பெரிய கிண்ணம் சூப்பைக் கையில் திணித்தார். முட்டியில் சிராய்ப்பு, தோளில் கன்றிப்போன இடம், வேறு ஒன்றும் இல்லை. எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தபோது என் வீட்டுக்காரர் எழுந்து நின்றார்.

“எல்லார்கிட்டயும் ஒண்ணு சொல்லணும்,” என்றார். “இன்னிக்கு நடந்தது முழுக்க என் தப்பு. அண்ணி மேல ஒரு தப்பும் இல்ல. முன்னாடியே போய்ப் பழகினவன் நான். பின்னாடி வந்து பழக்கமில்ல. பழக்கதோஷத்துல வேகமா வந்து இவரைத் தாண்டிட்டேன். இவருக்கு ஏதாவது ஆயிருந்தா இந்த ஜென்மத்துல என்னை நான் மன்னிச்சிருக்க மாட்டேன்.” லிஃப்ட்காரரிடம் போய் அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

பல் டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அச்சகத்து அண்ணன் தம்பிகள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மூக்கை உறிஞ்சினார்கள். “இப்படி ஒத்துக்கறதுக்கு ஒரு மனசு வேணும் அண்ணா,” என்றார் வங்கி மேலாளர். லிஃப்ட்காரர் எழுந்து அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். அதில் தப்பு தன்னுடையது என்று அவர் சொன்னது உண்மை. மற்றதெல்லாம் பொய். கண் தெரியவில்லை என்று சொல்வதற்குப் பதிலாக, கொஞ்சம் திமிர் என்று சொல்லிவிட்டார். அந்தத் திமிரும் எல்லாருக்கும் பிடித்துப்போய்விட்டது. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. ஆனால் யார் முன்னால் கோபப்படுவது? எனக்காகப் பரிந்து பேசிய மனுஷன் என்று எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அறைக்குப் போனதும் கதவைச் சாத்தினேன்.

“ஏன் கண்ண பத்திச் சொல்லல?”

“சொன்னா இத்தோட முடிஞ்சுது. அப்புறம் யார் வருவா?”

“வருவாங்க. என் பின்னாடி வருவாங்க.”

பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தவர் நிமிராமலே, “இவங்க எல்லாம் என் பின்னாடி வர்றதுக்குத்தான் வர்றாங்க,” என்றார். என்னைக் குத்த வேண்டும் என்று சொல்லவில்லை. உண்மை என்று நம்பித்தான் சொன்னார். அதனால்தான் எனக்கு அவ்வளவு வலித்தது. அழுதேன். நான் அழுதால் அவருக்குத் தாங்காது. பக்கத்தில் வந்து உட்கார்ந்து தோளில் கை போட்டுக்கொண்டார்.

“நாளைக்கு மலையோரப் பாதை,” என்றேன். “முழுக்க இடது பக்கம்தான் பள்ளம். யாரு முன்னாடி?”

“ஏடாகூடமானா நான்தான்னு பேசிக்கிட்டோம்ல?”

“பண்ணினது நீ.”

அவிழ்த்த பூட்ஸைச் சுவரோரமாகத் தள்ளி வைத்தார். அப்புறம், “சரி. நீதான்,” என்றார். “சத்தியமா.”

நம்பினேன். நம்பாமல் என்ன செய்வது, கட்டிய புருஷனாயிற்றே.

காலையில் வெயில் முற்றத்துக்கு வந்திருந்தது. லிஃப்ட்காரரைக் கீழே கொண்டுபோய் விட விடுதிக்காரம்மாவின் ஜீப் தயாராக நின்றது. நான் ஒவ்வொரு வண்டியாக டயரை அமுக்கிப் பார்த்து, செயினுக்கு எண்ணெய் விட்டு, கையைத் துடைத்துக்கொண்டு சமையல்கட்டுக்குப் போய் அவருக்கும் எனக்கும் டீ வாங்கிக்கொண்டு வந்தேன். முற்றத்தில் ஐந்து பேரும் அவரைச் சுற்றி நின்றிருந்தார்கள். வங்கி மேலாளர்தான் பேசிக்கொண்டிருந்தார்.

“தப்பா எடுத்துக்காதீங்க அண்ணா. அண்ணி நல்லாத்தான் ஓட்டறாங்க. ஆனா இன்னிக்குப் பள்ளத்தோரப் பாதைங்கறாங்க. நீங்க முன்னாடி போனா எங்களுக்குக் கொஞ்சம் தைரியமா இருக்கும்.”

“நேத்து மாதிரி ஆயிடக் கூடாதுன்னுதான்,” என்றார் பல் டாக்டர்.

நேற்று அப்படி ஆனதற்குக் காரணமான ஆளிடமே போய்க் கேட்கிறார்கள். தப்பை ஒத்துக்கொண்டதால் அவர் இன்னும் பெரிய தலையாகிவிட்டார். நான் இரண்டு டம்ளரோடு கூட்டத்துக்குள் புகுந்து அவர் பக்கத்தில் போய் நின்றேன். இல்லை, அவள்தான் போவாள் என்று அவர் சொல்வதைக் கேட்க வேண்டும் என்று நின்றேன்.

அவர் தாடையைத் தடவிக்கொண்டார். “நீங்க எல்லாரும் சேர்ந்து கேக்கறப்ப எப்படி மாட்டேன்னு சொல்றது,” என்றார். “சரி, நானே முன்னாடி போறேன்.”

வங்கி மேலாளர் என்னைப் பார்த்தார். பார்வையைத் தாழ்த்திக்கொண்டார்.

“அண்ணி...” என்று இழுத்தார் அச்சகத்துத் தம்பி.

“அவள நான் பாத்துக்கறேன்,” என்றார் என் வீட்டுக்காரர். “ஒண்ணும் சொல்ல மாட்டா. உண்மையச் சொல்லணும்னா அவளுக்கே நேத்து நல்லா பயந்துடுச்சு. ரூமுக்குப் போய் ஒரே அழுகை. அவகிட்ட இப்ப எதுவும் பேசிக்க வேணாம், வண்டி கிளம்பறப்ப நான் பக்குவமா எடுத்துச் சொல்றேன்.”

நான் அவருடைய இடது தோளிலிருந்து ஒரு முழம் தள்ளி நின்றிருந்தேன். டீயிலிருந்து கிளம்பிய ஆவி என் முகத்தில் பட்டுக்கொண்டிருந்தது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள், பிறகு அவரைப் பார்த்தார்கள், மறுபடி என்னைப் பார்த்தார்கள். அவர் மட்டும் எதிரே பார்த்துச் சிரித்துக்கொண்டு, “என்ன, எல்லாரும் பேயறைஞ்ச மாதிரி நிக்கறீங்க?” என்றார்.

எனக்கு முதலில் அவமானமாக இருந்தது. அப்புறம் அவருக்கு என்ன ஆகிக்கொண்டிருக்கிறது என்பது புரிந்தபோது, அவரைச் சட்டென்று உள்ளே இழுத்துப் போய்க் கதவைச் சாத்திவிட வேண்டும்போல் இருந்தது. இரண்டு கையிலும் டம்ளர்.

லிஃப்ட்காரர்தான் பேசினார். “அண்ணா,” என்றார் மெதுவாக. “அவங்க உங்க பக்கத்துலதான் நிக்கறாங்க.”

அவர் வலது பக்கம் பார்த்தார். அங்கே யாரும் இல்லை. பிறகுதான் உடம்பையே திருப்பி இடது பக்கம் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். அவர் முகத்திலிருந்து ரத்தமெல்லாம் இறங்கிப் போனதை நான் பார்த்தேன். அந்த முகத்தை என் எதிரிக்குக்கூட நான் காட்ட மாட்டேன்.

“நேத்து நான் கூட அந்தப் பக்கம்தான் நின்னேன்,” என்றார் லிஃப்ட்காரர். குற்றம் சாட்டுகிற குரல் இல்லை அது. கணக்குக்கு விடை கிடைத்த மாதிரி தனக்குத் தானே சொல்லிக்கொண்டார்.

பல் டாக்டர் ஓரடி முன்னால் வந்து அவருடைய கண்ணை உற்றுப் பார்த்தார்.

“இடது கண்ணு எனக்குத் தெரியாதுங்க,” என்றார் என் வீட்டுக்காரர். “சீசனுக்கு முன்னாடியே போயிடுச்சு. டாக்டர் வேணாம்னுதான் சொன்னார். இவளும் சொன்னா. நான்தான் யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு இவ வாயக் கட்டி வெச்சிருந்தேன்.” கொஞ்சம் நின்று, “இவ பயந்து அழல,” என்றார்.

நேற்று இரவு மாதிரி யாரும் நெகிழவில்லை. கட்டிப்பிடிக்கவும் இல்லை. அண்ணன் தம்பி ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வங்கி மேலாளர் தன் கையுறையை மாட்டிக் கழற்றி மாட்டிக் கழற்றிக்கொண்டிருந்தார். இந்தத் தடவை அவர் சொன்னது அத்தனையும் உண்மை, அதைக் கேட்டு என்ன செய்வதென்றுதான் யாருக்கும் தெரியவில்லை.

அவர் சட்டைப்பையிலிருந்து வண்டிச் சாவியை எடுத்தார். லிஃப்ட்காரரிடம் நீட்டினார். “தோள் வலி தாங்குமா?”

“தாங்கும்ணா.”

“என் வண்டிய எடுத்துக்கோங்க. கிளட்ச் கொஞ்சம் இறுக்கமா இருக்கும். நான் ஜீப்ல கீழ வந்துடறேன்.” பிறகு என்னிடமிருந்து டீயை வாங்கக் கையை நீட்டினார். கை டம்ளருக்கு இரண்டு விரற்கடை முன்னாலேயே வெறுங்காற்றில் மூடிக்கொண்டது. நான் டம்ளரைக் கொண்டுபோய் அவர் விரலில் வைத்தேன். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

யார் முன்னால் போவது என்று அதற்கப்புறம் ஒருவரும் கேட்கவில்லை. “கிளம்பலாம்,” என்றேன். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிளட்சை விட்டு, ஃபுட்ரெஸ்டில் எழுந்து நின்றேன். பள்ளம் முழுக்க இடது பக்கம்தான் கிடந்தது. ஒவ்வொரு வளைவிலும் அதன் விளிம்பு எனக்கு எவ்வளவு நன்றாகத் தெரிகிறது என்று பார்த்துக்கொண்டே போனேன். ஆசைப்பட்டது கைக்கு வந்துவிட்டது. பாட்டு மட்டும் வரவில்லை. ஹெல்மெட்டுக்குள் அழுவதில் ஒரு வசதி, யாருக்கும் தெரியாது. தொந்தரவு என்னவென்றால் முகத்தைத் துடைத்துக்கொள்ள முடியாது. காற்றிலேயே காயட்டும் என்று விட்டுவிட்டேன்.